லென்ஸ் ஹுட் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: என் 2,350 ரூபாய் போய்விட்டது

கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பக்கவாட்டு வெளிச்சம் படத்தைக் கெடுக்காமல் இருக்க லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்புதான் ஹுட். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். கேனன் 77டி கேமராவும் அதோடு வந்த 18-135 யுஎஸ்எம் லென்ஸும்தான் என் குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. கேனனின் விலை கூடிய எல் வரிசை லென்ஸ்களோடு ஹுட்டும் சேர்ந்தே வரும். என்னுடையது போன்றவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். போன மாதம் கொடிவேரியில் ஒரு ஜோடியை நிற்க வைத்து எடுத்தபோது மாலை வெயில் பக்கவாட்டில் லென்ஸ் மேல் விழுந்து, படங்கள் எல்லாம் பால் ஊற்றியது போல் வெளுத்துப்போயின. இனி ஹுட் இல்லாமல் வேலைக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். என் லென்ஸுக்கு உரிய ஹுட்டின் எண் ஈடபிள்யூ-73டி. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கோவையில் கேமரா உபகரணங்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கேமராவை எடுத்துப் போகவில்லை. அங்கேதான் தவறு தொடங்கியது.

கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "ஏனுங்க தம்பி, எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். தன் அம்மாயி வீடு அத்தாணிப் பக்கம்தான் என்றார். சின்ன வயதில் வாய்க்காலில் குளித்தது, கரும்பு ஆலையில் காய்ச்சிய பாகு தின்றது எல்லாம் சொன்னார். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு பெட்டியை எடுத்து வைத்து, "கம்பெனிப் பொருள், 2,350 ரூபாய்" என்றார். ஒரிஜினல்தானா என்று ஒரு முறை கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "நம் பக்கத்துப் பிள்ளைக்கு மாற்றுப் பொருளைக் கொடுத்துவிட்டு நான் எந்த முகத்தோடு அந்த ஊருக்குள் வருவேன்?" என்றார். கேட்டதற்காக நான்தான் வெட்கப்பட்டேன். எண் சரியாக இருக்கும்போது மாட்டிப் பார்க்கவே தேவையில்லை என்றார், தலையாட்டினேன். பில் போட்டால் வரி சேரும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு என்று ஒரு துண்டுச் சீட்டில் 2,350 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நம்பியூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். வீடியோக்காரரின் விளக்கு பக்கத்திலிருந்து அடித்ததால் ஹுட்டைக் கழற்றவே இல்லை. ஒரிஜினலைத் திருகி மாட்டினால் 'கிளிக்' என்று நிற்கும். இது நின்றது போல் காட்டிவிட்டு, தோளில் உரச உரசக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. இந்த ஹுட்டுக்கு இதழ் போன்ற விளிம்பு. மேலும் கீழும் நீண்ட இதழ், பக்கங்களில் குட்டை, மூலைகளில் வெட்டு. திரும்பினால் நீண்ட இதழ்கள் மூலைக்கு வந்துவிடும். லென்ஸின் மிக அகலமான நிலையான 18 மில்லிமீட்டரில் எடுத்த படங்களில் மேல் வலது மூலையும் கீழ் இடது மூலையும் கறுப்பு. கண் வைத்துப் பார்க்கும் 77டி-யின் வியூஃபைண்டர் படத்தில் 95 சதவீதத்தைத்தான் காட்டும் என்பதால் எடுக்கும்போது கண்ணில் படவில்லை. மாப்பிள்ளையின் சகோதரிக்கான இணைச்சீர்ச் சடங்கு தொடங்கித் தாலி கட்டும் வரை அகலமாக எடுத்த படங்கள் அத்தனையும் இப்படித்தான். இணைச்சீரில் மாப்பிள்ளையின் தங்கை ஓரத்தில் நிற்கிறாள். அவள் பாதி முகம் கறுப்பில் போய்விட்டது. அந்தச் சடங்கே அவளுக்கானது. அதை நான் எப்படித் திருப்பி எடுப்பேன்?

திங்கட்கிழமை நண்பரின் ஒரிஜினலை வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதன் உட்புறம் பளபளவென்று மின்னுகிறது. வேண்டாத வெளிச்சத்தைத் தடுக்க வேண்டிய பொருளே அதை உள்ளே தெறிக்க விடுகிறது!

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "மாட்டத் தெரியாமல் மாட்டியிருப்பீர்கள்" என்றார். மறுநாள் நான்கு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. இன்று வேலையை விட்டுவிட்டு நேரில் போனேன். கல்லாவில் ஒரு பையன் இருந்தான். முதலாளி வெளியூர் என்றான். உள்ளறையில் அவர் குரல் கேட்கிறது! காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து, "பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, திரும்ப எடுக்க மாட்டோம்" என்றார். டீ இல்லை, அம்மாயி இல்லை, தம்பி என்ற சொல்கூட இல்லை. 2,350 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, திருகாணி வைத்த ஒரு வட்ட ஹுட்டை எடுத்து வைத்து, "உங்கள் லென்ஸ் 67 எம்எம், இதுவும் 67, மேலே 300 கொடுத்தால் மாற்றித் தருகிறேன்" என்றார். 67 என்பது லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஃபில்டர் கண்ணாடியின் அளவு, ஹுட்டின் அளவு அல்ல. கேனனின் 10-18 லென்ஸும் 67தான், 18-135 எஸ்டிஎம்மும் 67தான், என்னுடையதும் 67தான். ஆனால் அவற்றின் ஹுட்டுகள் முறையே 73சி, 73பி, 73டி. இது தெரியாதவரா அவர்? பில் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்கிறேன் என்றேன். "எந்த பில்?" என்று கேட்டார். சட்டைப் பையில் இருந்தது அந்தத் துண்டுச் சீட்டுதான். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, 2,350 மட்டும்.

ஹுட் வாங்குகிறவர்களே, லென்ஸைக் கையோடு கொண்டு போங்கள். கடையிலேயே மாட்டி, ஆட்டிப் பாருங்கள். உட்புறம் மின்னினால் வாங்காதீர்கள். லென்ஸின் மிக அகலமான நிலையில் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துத் திரையில் நான்கு மூலைகளையும் பாருங்கள். ஃபில்டர் அளவை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். கடைப் பெயரும் தேதியும் உள்ள பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், எந்த ஊர்க்காரர் என்று சொன்னாலும்.

இன்னும் விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது, ஆல்பம் எப்போது என்று. அந்தத் தங்கையின் படத்தைப் பற்றி இப்போது அவர்களிடம் சொல்லியாக வேண்டும்.