ஏழு ஆண்டுகள், மூன்று நிரல்கள்: சல்ஃபோனேற்றிய பாலிஸ்டைரீனுடன் என் அனுபவம்

நொதித்தல் கரைசலில் உள்ள சர்க்கரை, கரிம அமிலங்கள், எத்தனால் ஆகிய அனைத்தையும் ஒரே ஓட்டத்தில் அளக்க வேண்டியிருந்ததால், கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எங்கள் எச்பிஎல்சி கருவிக்கு ஹைட்ரஜன் வடிவிலான நேர் அயனிப் பரிமாற்ற நிரல் ஒன்றை வாங்கினோம். நிரல் என்பது ஹைட்ரஜன் அயனி ஏற்றிய நுண்மணிகள் அடைத்த குழாய்; கரைசல் அதன் வழியே ஓடும்போது பொருள்கள் தனித்தனியாகப் பிரிந்து வெளிவரும். பேச்சில் நாங்கள் எல்லோரும் ‘காலம்’ (column) என்றுதான் சொல்வோம். ‘காலம் முடிந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், விலை தெரிந்த கொள்முதல் பிரிவினர் மட்டும் பதறுவார்கள். ஏழு ஆண்டுகளில் இப்போது ஓடுவது மூன்றாவது. முதலாவதை நான் கெடுத்தேன். இரண்டாவது உழைத்து ஓய்ந்தது.

நிரலின் நீளம் 300 மி.மீ., உள்விட்டம் 7.8 மி.மீ. உள்ளே இருப்பவை 9 மைக்ரான் அளவுள்ள மணிகள்: ஸ்டைரீனை 8 விழுக்காடு டைவினைல்பென்சீனுடன் பலபடியாக்கி, அதன் பென்சீன் வளையங்களில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளை ஏற்றியவை. வேதியியலைப் பார்த்தால், கடின நீரை மென்னீராக்கும் உருளைகளில் கிடக்கும் பழுப்பு மணிகளுக்கு இவை நெருங்கிய உறவு. சிலிக்கா போல இறுகிய கல் அல்ல. நீரில் ஊறி உப்பிய ஜெல். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு நிரலின் விலை ஆயிற்று.

பெயரில் நேர் அயனிப் பரிமாற்றம் இருந்தாலும், எங்கள் வேலையில் பரிமாற்றம் ஏதும் நடக்கக் கூடாது. மணியின் மேலுள்ள எதிர்மின் சல்ஃபோனேட் தொகுதிகள், அயனியாகப் பிரிந்த அமிலத்தை உள்ளே விடாமல் விலக்குகின்றன. பிரியாத மூலக்கூறு மட்டும் ஜெல்லுக்குள் நுழைந்து சுற்றிவிட்டுத் தாமதமாக வெளிவருகிறது. 5 மில்லிமோலார் கந்தக அமிலம், நிமிடத்துக்கு 0.6 மி.லி., 60 டிகிரி செல்சியஸ் என்ற எங்கள் நிலைமையில், குளுக்கோஸ் ஏறத்தாழ 9 நிமிடத்திலும், லாக்டிக் அமிலம் 12 நிமிடத்தைத் தாண்டியும், அதைவிட வலிமை குறைந்த அசிட்டிக் அமிலம் 15 நிமிட அளவிலும், எத்தனால் 22 நிமிட அளவிலும் வருகின்றன. கரைப்பான் விகிதத்தை இடையில் மாற்ற வேண்டியதில்லை. அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானின் செலவும் இல்லை.

முதல் நிரல் போன கதைக்கு வருகிறேன். லாக்டிக் அமில நொதித்தலில் அமிலத்தன்மை ஏறாமலிருக்கக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பார்கள். அந்த மாதிரிகளை வடிகட்டி, தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே செலுத்தி வந்தேன். நான்காவது மாதத்தில், வரைபடத்தில் லாக்டிக் அமிலத்தைக் காட்டும் முகடு அகலத் தொடங்கியது. வெளிவரும் நேரமும் நாளுக்கு நாள் நகர்ந்தது. செறிவு தெரிந்த புதிய திட்டக் கரைசல் தயாரித்தேன், பம்பின் சீல்களை மாற்றினேன், உணர்கருவியைச் சந்தேகித்தேன். நிரலைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். கடைசியில், நிரலுக்கு முன்னால் அழுக்கைத் தடுக்கப் பொருத்தும் சிறிய காப்பு நிரலைக் கழற்றியபோது அதன் முகப்பில் சுண்ணாம்பு தடவியதைப் போல மெல்லிய வெண்படலம். மாதிரியிலிருந்த கால்சியம், கந்தக அமிலத்தைச் சந்தித்த இடத்திலேயே ஜிப்சமாகப் படிந்திருந்தது. படியாமல் உள்ளே சென்ற கால்சியமோ, ஹைட்ரஜனைத் தள்ளிவிட்டுச் சல்ஃபோனேட்டில் குந்திக்கொண்டது. இரட்டை மின்சுமை கொண்ட அதை 5 மில்லிமோலார் அமிலத்தால் எளிதில் கிளப்ப முடியாது.

25 மில்லிமோலார் கந்தக அமிலத்தை எதிர்த்திசையில், நிமிடத்துக்கு 0.2 மி.லி. வேகத்தில், 65 டிகிரியில் இரவு முழுவதும் ஓட்டினேன். முகடுகள் பாதி மீண்டன. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். மறுநாள் அவசரத்தில், நிரலைச் சூடாக்கும் அடுப்பு சூடேறும் முன்பே முழு ஓட்டத்தையும் திறந்துவிட்டேன். குளிர்ந்த நீர்மத்தின் பாகுமை அதிகம் என்பதால் அழுத்தம் 100 பாரைக் கடந்து, ஜெல் படுகை நசுங்கி, நிரலின் தலைப்பகுதியில் வெற்றிடம் விழுந்தது. அதற்கு மருந்தில்லை.

அதன்பின் கால்சியம் உள்ள மாதிரியை முதலில் கந்தக அமிலம் சேர்த்து, ஜிப்சத்தை மையவிலக்கில் இறக்கி, நீர்க்கச் செய்து, 0.22 மைக்ரான் வடிப்பானில் வடித்த பிறகே செலுத்துகிறோம். காலையில் 0.2 மி.லி. ஓட்டத்தில் தொடங்கி, வெப்பம் 60 டிகிரியில் நிலைத்த பின்னரே 0.6 மி.லி.க்கு ஏற்றுகிறோம். இரண்டாவது நிரல் நான்கு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக உழைத்ததற்கு இந்த இரண்டு பழக்கங்களைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. சைலோஸும் ஃபிரக்டோஸும் ஒரே முகட்டில் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டும் இருக்கும் மாதிரிக்கு இந்த நிரலின் எண்ணை நான் நம்புவதில்லை. சுக்ரோஸ் இன்னும் மோசம்: அமிலமும் வெப்பமும் சேர்ந்து நிரலுக்குள்ளேயே அதன் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால், கரும்புச் சாறோ வெல்லப்பாகோ வந்தால், தூய நீரில் ஓடும் கால்சியம் வடிவ நிரலுக்கு மாறிவிடுவேன். முதல் நிரலைக் கெடுத்த அதே கால்சியம், அங்கே சர்க்கரைகளின் ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றி இழுத்துப் பிரித்துக் கொடுக்கிறது. அமிலம் சேர்த்த மாதிரி அதற்குள் போய்விடக் கூடாது என்பதால், இரண்டு நிரல்களுக்கும் வெவ்வேறு நிற நாடா சுற்றி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது நிரலுக்கு இப்போது இரண்டு ஆண்டு நிறைந்திருக்கிறது. அழுத்தம் 41 பாரிலிருந்து 48-க்கு வந்திருக்கிறது. லாக்டிக் முகடு 0.1 நிமிடம் முன்னால் நகர்ந்திருக்கிறது. காப்பு நிரலை அடுத்த வாரம் மாற்ற வேண்டும். புதியது அலமாரியில் தயாராக இருக்கிறது.