குமார பர்வதம் மலையேற்றத்துக்குத் துணை தேடி 4,850 ரூபாய் ஏமாந்தேன். பெங்களூரில் தனியாக இருப்பவர்கள் படியுங்கள்

இன்று ஞாயிறு. இந்நேரம் நான் குமார பர்வதத்திலிருந்து இறங்கி, குக்கே சுப்ரமண்யா கோயிலில் அம்மா கேட்ட புற்றுமண் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். பி.டி.எம். லேஅவுட் பி.ஜி. அறையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போனது 4,850 ரூபாய்.

தனியாக ஊர் சுற்றுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த மலை கர்நாடகத்தின் புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது, 1,712 மீட்டர் உயரம், யானை நடமாடும் காடு. தனியாகப் போகக் கூடாது என்பதால்தான் துணை தேடினேன். ஆபீஸில் யாருக்கும் லீவு இல்லை. பயணத்துணை தேடித் தரும் ஓர் ஆப்பில் 'பெண்களும் வரும் குழு, இன்னும் 2 இடம்' என்று ஒரு பதிவு இருந்தது. போட்டவர் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டவர் என்று டிக் வேறு.

வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். என்னோடு 11 பேர். அவர் தமிழ்தான் பேசினார், ஓசூர்ப் பக்கம் என்றார். அப்போதும் நான் பணம் அனுப்பவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறுநாள் குழுவில் இருந்த ஒரு பெண் எனக்குத் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அக்கா, நான் முதல் தடவை ட்ரெக் வரேன். நீங்க வந்தா வீட்டுல விடுவாங்க, ப்ளீஸ்க்கா." பின்னால் குக்கர் விசில் கேட்டது. அந்தக் குரலை நம்பித்தான் 3,500 ரூபாய் அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து, வனத்துறை அனுமதிக்கும் கைடுக்கும் தனியாக என்று இன்னொரு 1,350 கேட்டார். அதையும் அனுப்பினேன். மொத்தம் 4,850.

அனுமதிச் சீட்டு என்று ஒரு படமும் அனுப்பினார். பெயர் இருக்கும் இடத்தில் மஞ்சள் ஸ்மைலி ஒட்டியிருந்தது. மற்றவர்களின் விவரம் வெளியே போகக் கூடாது என்று மறைத்திருப்பதாகச் சொன்னார். சரி, பொறுப்பான ஆள் என்று நினைத்தேன். நேற்று அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தேதி போன மாதம்!

வெள்ளி இரவு 10 மணிக்கு உடுப்பி கார்டன் சிக்னலில் டெம்போ டிராவலர் வரும் என்றார். அட்டைக்கடிக்கு உப்பும் மூக்குப்பொடியும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு 9.40-க்கே போய் நின்றேன். 10.20-க்கு "மாரத்தஹள்ளி டிராஃபிக்". 11 மணிக்கு "டயர் பஞ்சர், கிளம்பிட்டோம்". 11.30-க்கு அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். அக்கா என்று கூப்பிட்ட பெண்ணுக்கு அடித்தேன். இரண்டு ரிங் போனது, கட் செய்தாள். அடுத்த நிமிடம் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 12.45 வரை, முதுகில் பையோடு, அந்த சிக்னலில் நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் எரிகிறது. ஆப்பின் உதவி மையத்தில், ஆட்களை அறிமுகப்படுத்துவது மட்டும்தான் எங்கள் வேலை, வெளியே கொடுத்த பணத்துக்குப் பொறுப்பில்லை என்றார்கள். அப்படியென்றால் அந்த டிக் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை. அந்த ஆளின் விவரம் கேட்டால் பிரைவசி. மூன்றாவது முறை எழுதியபோது 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று புகாரை மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? என் 4,850 ரூபாய் எங்கே? வங்கியில் "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பினதுதானே மேடம்". காவல் நிலையத்தில் இருந்தவர் தொகையைக் கேட்டுவிட்டு, ஆன்லைனில் போடுங்கள் என்று அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அது எனக்குப் பத்து நாள் சாப்பாட்டுச் செலவு, வாடகை கொடுத்தது போக மிச்சம் பிடித்தது.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் இந்த மலையில் கூட்டம் அளவுக்கு மீறிப் போனபின் வனத்துறை அனுமதியை ஆன்லைனுக்கு மாற்றிவிட்டது. சீட்டு உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையோடுதான் வரும். அதை நீங்களே எடுங்கள், வேறு யாரிடமும் அதற்குப் பணம் கொடுக்காதீர்கள். குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேரையாவது முன்கூட்டியே நேரில் பாருங்கள். குரலை நம்பாதீர்கள். பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்கினால்தான் வழி உண்டு. நான் அழுதுகொண்டே தூங்கிவிட்டு சனிக்கிழமை மதியம்தான் கூப்பிட்டேன். புகார் எண் மட்டும் கையில் இருக்கிறது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மலையில் சிக்னல் இருக்காது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.