பழவேற்காட்டுக்கு பெடல் கயாக் சரிப்படுமா?

பெடல் கயாக் என்றால் காலால் மிதித்து ஓட்டுகிற, குறுகலான சின்னப் படகு. அதன் வீடியோ எதை எடுத்தாலும் அதில் ஆழமான, தெளிந்த தண்ணீர்தான் இருக்கும். ஆள் காலை நீட்டி மிதித்துக்கொண்டே போவார், இரண்டு கையும் தூண்டிலில் இருக்கும், மீனும் மாட்டும். கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை பக்கம் இருந்துகொண்டு இதை வாங்க நினைக்கிறவர்கள் விலையை விசாரிப்பதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது பழவேற்காடு ஏரியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை. சராசரியாக ஒரு மீட்டர். கோடையில் பல இடத்தில் அதுவும் கிடையாது. இருளர் பெண்கள் பறியை, அதாவது பிடித்ததைப் போடும் கூடையை, பல்லில் கடித்துக்கொண்டு, கையால் துழாவியே இறால் பிடிக்கிற ஏரி இது. முகத்துவாரத்தை ஒட்டின கால்வாய்களில் மட்டும்தான் ஆழம்.

சூலூர்பேட்டை நண்பர் ஒருவரிடம் புரொப்பெல்லர் வைத்த பெடல் கயாக் இருக்கிறது, பலமுறை வாங்கிப்போய் ஓட்டியிருக்கிறேன். சென்னையில் தெரிந்தவரிடம் ஹோபி கம்பெனியின் பெடல் கயாக் இருக்கிறது, அதையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. நானும் ஒன்று வாங்கலாமா என்று கணக்குப் போட்டதில் தேறியதைத்தான் எழுதுகிறேன்.

பெடலில் இரண்டு வகை. ஹோபி கம்பெனி 1997இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவில் (மிதித்து ஓட்டும் இயந்திரப் பகுதிக்குத்தான் டிரைவ் என்று பெயர்), படகுக்கு அடியில் இரண்டு ஃபின்கள், மீன் துடுப்பு மாதிரியான தகடுகள், இடமும் வலமுமாக அடிக்கும். பெடலை வட்டமாகச் சுற்ற வேண்டாம், ஒரு காலை முன்னே தள்ளினால் இன்னொன்று பின்னே வரும். மற்ற கம்பெனிகளில் பெரும்பாலும் சைக்கிள் மாதிரி சுற்றும் பெடல், கியர், அடியில் ஒரு புரொப்பெல்லர். எதுவானாலும் படகுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு முழம் தண்ணீர் வேண்டும். இந்த ஒரு முழம்தான் நம் ஊரில் பிரச்சினை.

ஃபின் வகையில் ஒரு பெடலைக் கடைசிவரை தள்ளிப் பிடித்தால் இரண்டு ஃபினும் படகோடு ஒட்டிப் படுத்துவிடும். தட்டுப்படும் இடத்தில் அப்படியே நழுவிப் போகலாம், கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து நகரவும் செய்யலாம். புரொப்பெல்லரில் அந்த வசதி இல்லை. தரை தட்டப்போகிறது என்று தெரிந்ததும் மிதிப்பதை நிறுத்தி, டிரைவ் முழுவதையும் கையால் தூக்கி மடக்க வேண்டும். தூண்டிலில் கொடுவா இழுத்துக்கொண்டிருக்கும்போது அதைச் செய்து பாருங்கள். செய்யாமல் விட்டால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். சிப்பி படிந்த தரையாக இருந்தால் பிளேடு போகும், சில மாடலில் மோதினால் உடையட்டும் என்றே வைத்திருக்கிற சின்ன ஊசி உடையும். ஒருநாள் அப்படிச் சேற்றில் நின்றிருந்தபோது கழி ஊன்றிக்கொண்டு போன ஒரு படகுக்காரர், "இன்னா தம்பி, ஏரிக்குள்ள சைக்கிள் ஓட்டுறியா? கோல் இல்லாம இங்க எறங்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டது நியாயம்தான்.

இதோடு பாசி. ஏரியில் கடற்புல் வளர்கிற பகுதிகள் நிறைய, அங்கே புரொப்பெல்லர் சுற்றிச் சுற்றிக் கயிறு திரித்துவிடும். ஃபின் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் நுனியில் தொங்கிக்கொண்டே வரும். அடுத்தது வலை. மிதவை கண்ணுக்குத் தெரியாமல் போட்டிருக்கும் மடவை வலையில் டிரைவ் மாட்டினால் நமக்கும் நஷ்டம், அவருக்கும் நஷ்டம், கரையில் அதற்கு அப்புறம் நம்மை யாரும் மதிக்க மாட்டார்கள். சாதாரணத் துடுப்புக் கயாக் வலைமேல் சும்மா வழுக்கிக்கொண்டு போய்விடும். இந்த ஒரு காரணம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருப்புவதும் எதிர்பார்க்கிற அளவு சுலபமில்லை. இடது கைப்பக்கம் இருக்கும் சின்னக் கைப்பிடியால் சுக்கானைத் திருப்பித்தான் போக வேண்டும், அந்தச் சுக்கானும் மேட்டில் தட்டும். பின்னால் போகும்போது அது சரியாகப் பிடிக்காது. பழைய ஹோபிகளில் பின்னால் மிதிக்கவே முடியாது. மிராஜ் டிரைவ் 180 என்ற வகை வந்த பிறகுதான் கயிறு இழுத்து ஃபினைத் திருப்பிப் பின்னே போக முடிந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அது எந்த டிரைவ் என்று கேட்டே வாங்குங்கள். புரொப்பெல்லரில் பின்னால் மிதித்தால் உடனே பின்னால் போகும், அது நிஜமாகவே நல்ல விஷயம். எப்படியும் ஒரு துடுப்பைக் கையோடு கொண்டுபோயாக வேண்டும். துடுப்பு வேண்டாம் என்றுதானே பெடல் வாங்குகிறோம்?

எடை. பத்தடித் துடுப்புக் கயாக்கை ஒரு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பெடல் கயாக் அகலமும் அதிகம், கனமும் அதிகம். ஹோபி புரோ ஆங்லர் 14 அகலம் 38 அங்குலம், சீட்டு, டிரைவ் எல்லாம் பொருத்தினால் 60 கிலோவைத் தாண்டிவிடும். உங்கள் கார் கூரையில் எவ்வளவு ஏற்றலாம் என்று கையேட்டில் பாருங்கள், 50 கிலோ என்று போட்டிருக்கிற கார்கள் உண்டு. குட்டியானையில் ஏற்றலாம் என்றால் அதன் தொட்டி ஏழடி சொச்சம், பன்னிரண்டடிப் படகு பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், சிவப்புத் துணி கட்டிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். ஏரிக்கரையில் இறக்கிய பிறகு சேற்றில் இழுக்கச் சின்னச் சக்கர வண்டி தனியாக வேண்டும். நண்பர் தனியாக மீன் பிடிக்கலாம் என்றுதான் வாங்கினார், இன்றைக்கும் ஏற்றி இறக்க என்னைக் கூப்பிடுகிறார்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஹோபி அமெரிக்காவிலேயே 4,000 டாலரைத் தாண்டும், கப்பல் கூலியும் வரியும் சேர்ந்தால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சீனத் தயாரிப்பு குறைவு, ஆனால் உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம். நண்பருடைய டிரைவில் ஒரு சீல் போனபோது விற்றவர் முதலில் வரும் என்றார், பிறகு போனையே எடுக்கவில்லை, கடைசியில் பம்ப் மெக்கானிக் ஒருவர் அளவு பார்த்து வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார். ஓடுகிறது, ஆனால் நம்பி முகத்துவாரம்வரை போக மனம் வரவில்லை.

உப்புத்தண்ணீர் என்பதால் ஒவ்வொரு முறையும் டிரைவைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் பேரிங் இறுகும். படகை வெயிலில் போடக்கூடாது, கார்மேல் பட்டையை இறுக்கிக் கட்டி வெயிலில் நிறுத்தினால் பிளாஸ்டிக் அடி குழிந்துவிடும்.

பாதுகாப்பு விஷயம் ஒன்றைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. இவ்வளவு அகலமான படகு லேசில் கவிழாது, சரி. கவிழ்ந்தால் தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஒற்றை ஆளாகத் திருப்பிப் போடுவது பெரும்பாடு. டிரைவைக் கயிறால் கட்டியிருக்காவிட்டால் கழன்று நேராக அடிக்குப் போய்விடும். லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்குப் பின்னால் செருகி வைப்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

நல்லதும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும்போது துடுப்புக் கயாக்கில் மீன் பிடிப்பதை விட்டுவிட்டு இருக்கிற இடத்தில் நிற்கவே போராட வேண்டும். பெடலில் காற்றுக்கு எதிராக மெல்ல மிதித்துக்கொண்டே அதே இடத்தில் நின்று வீசலாம். தோள்வலி இல்லை. லூரை, அதாவது போலி இரையை, பின்னால் விட்டு இழுத்துக்கொண்டே போய்க் கொடுவா பிடிக்க இதைவிட வசதி கிடையாது. பிச்சாட்டூர் அணை மாதிரி ஆழமான தண்ணீரில் அனுமதி கிடைத்து மீன் பிடிக்கிறவராக இருந்தால் நான் மேலே புலம்பியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

ஆனால் பழவேற்காட்டில் ஆழமுள்ள அந்தக் கால்வாய்கள் யாருக்குச் சொந்தம் என்பதையும் யோசியுங்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் பிடிக்கும் இடங்களில் பாடு முறை இருக்கிறது, எந்த ஊர், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கிற பழைய ஏற்பாடு. பெடல் கயாக்குக்கு ஒத்துவரும் தண்ணீரும் அவர்கள் தொழில் செய்யும் தண்ணீரும் பல இடத்தில் ஒன்றே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், இரண்டு பக்கமும் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, வனத்துறையைக் கேட்காமல் இறங்கக்கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் மீனவர்களுக்கே தடை.

நான் வாங்கப்போவது பத்தடித் துடுப்புக் கயாக், கூடவே ஒரு மூங்கில் கழி. அப்படியும் பெடல்தான் வேண்டும் என்கிறவர்கள் ஃபின் வகையாக, அதிலும் தரை தட்டினால் ஃபின் தானாக மேலே மடங்குகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். காசு கொடுப்பதற்கு முன்னால் அதே படகை வாடகைக்கோ இரவலோ வாங்கி, மே மாதத்தில் ஒருநாள் இந்த ஏரியில் இறக்கிப் பாருங்கள். மழைக்குப் பிறகு டிசம்பரில் பார்த்தால் எல்லாப் படகும் நன்றாகத்தான் ஓடும்.