வயதானவர்களுக்கு முதலிலா, வெளியே சுற்றுகிறவர்களுக்கு முதலிலா? தடுப்பூசி வரிசை பற்றி ஓர் ஒருதலைப்பட்சமான அலசல்

தடுப்பூசி வந்துவிட்டது, ஆனால் எல்லோருக்கும் போதாது. இந்தக் கட்டத்தில் ஒரு பெருந்தொற்றின் போக்கை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோய் வந்தால் சாக வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு, அதாவது வயதானவர்களுக்கு முதலில் போடுவது. இன்னொன்று, வேலைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் போய்வந்து நோயைச் சுமந்து திரிகிற இளம் வயதினருக்கு முதலில் போட்டுப் பரவலையே அறுப்பது. கோவிட் காலத்தில் முகாம்களுக்கு ஆள் சேர்க்கும் தன்னார்வக் குழு ஒன்றில் இருந்தேன். கிடைத்த கொஞ்ச இடத்துக்கு யார் பெயரை முதலில் எழுதுவது என்று எங்களுக்குள் இதே சண்டை நடந்தது. நான் முதல் வழிக்குக் கை தூக்கினேன், இன்றும் அந்தப் பக்கம்தான். எனவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு வழிக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பணியாளர்களுக்கு முதல் ஊசி என்பதில் யாருக்கும் தகராறு இல்லை, அவர்கள் படுத்துவிட்டால் மற்றவர்களைப் பார்க்க ஆளில்லை. தடுப்பூசி வேலை செய்ததா என்ற கேள்விக்கும் அதிக இடம் தேவையில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணிப்பின்படி முதல் ஓராண்டில் 185 நாடுகளில் தவிர்க்கப்பட்ட கோவிட் மரணங்கள் 1 கோடியே 44 லட்சம். பதிவாகாமல் போன மரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் 1 கோடியே 98 லட்சம். கணித மாதிரி வைத்துப் போட்ட கணக்குதான், நேரில் எண்ணியது அல்ல. ஆனால் அதில் பாதியைத் தள்ளினாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

சரி, எதிர்த்தரப்புக்கு வருவோம், ஏனென்றால் அவர்களிடமும் நல்ல வாதம் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார்: "குழாயை மூடாம தரையைத் துடைச்சுக்கிட்டு இருக்கீங்க." இளைஞர் நோயைக் கொண்டுவராவிட்டால் வீட்டில் இருக்கும் பாட்டிக்கு எங்கிருந்து வரும்? இதற்கு ஜப்பான் ஒரு கனமான சான்று. அங்கே 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமளவில் ஃப்ளூ ஊசி போட்டார்கள், பல ஆண்டுகள் அது கட்டாயமாகவும் இருந்தது. அந்தக் காலத்தில் குளிர்கால மிகை மரணங்கள், அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைத் தாண்டிய மரணங்கள், குறைந்தன. 1994-இல் திட்டத்தை நிறுத்திய பிறகு அவை மீண்டும் ஏறின. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பிள்ளைகளுக்குப் போட்ட ஊசி தாத்தா பாட்டிகளைக் காத்தது என்றுதான் அதைப் படித்த ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். கோவிட்டிலும் இந்தோனேசியா 2021 ஜனவரியில் இந்த வழியில்தான் தொடங்கியது. மருத்துவப் பணியாளர்களுக்கு அடுத்து, வேலைக்குப் போகும் வயதினருக்கு முன்னுரிமை. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் எண்ணம் ஒரு பக்கம். கையில் இருந்த சைனோவாக் என்ற சீன ஊசிக்கு 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் போதிய சோதனைத் தரவு அப்போது இல்லை என்பது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது காரணத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு, முகாம் நடத்தியவர்களுக்குத் தெரியும். இளைஞர்களுக்குப் போடுவது வேகம். கைபேசியில் பதிவு செய்து, தாங்களே வண்டியில் வந்து, வரிசையில் நின்று போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே நாளில் எண்ணிக்கை எகிறும். முதியவர் ஒருவரை அழைத்துவர ஒரு மகன் விடுப்பு எடுக்க வேண்டும், சர்க்கரைக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டைத் தேட வேண்டும், காய்ச்சல் வருமா என்ற பயத்துக்கு அரை மணி நேரம் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது என் தரப்பு. 25 வயதில் கோவிட் தொற்றியவர்களில் லட்சத்துக்குச் சுமார் 10 பேர் இறப்பார்கள் என்பது 2020-இல் வந்த மதிப்பீடு. 65 வயதில் அது சுமார் 1,400. 85 வயதில் சுமார் 15,000. அதாவது ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. ஒரு குப்பி மருந்தை யாருக்குப் போடுவது என்ற கேள்வியில் இவ்வளவு சாய்வான தராசு மருத்துவத்தில் அபூர்வம். பிரிட்டன் இதை அப்படியே பின்பற்றியது. 2020 டிசம்பர் 8-இல் தொடங்கி, முதியோர் இல்லங்கள், 80-ஐத் தாண்டியவர்கள் என்று வயது வாரியாகக் கீழே இறங்கினார்கள். 50 வயது வரையும், அதற்குக் கீழே இணை நோய் உள்ளவர்களுக்கும் போட்டு முடித்தால் தடுக்கக்கூடிய மரணங்களில் ஏறத்தாழ 99 சதவீதம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும் என்பது அவர்களது ஆலோசனைக் குழுவின் கணக்கு. மக்கள்தொகையில் அது பாதியை ஒட்டித்தான் வரும். விளைவு அலைகளில் தெரிந்தது. 2021 ஜனவரி உச்சத்தில் நாளுக்குச் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் டெல்டா என்ற உருமாறிய வைரஸின் அலையில் தொற்று எண்ணிக்கை ஜனவரித் தொற்று உச்சத்தை நெருங்கியது, மரணமோ நாளுக்கு நூற்றை ஒட்டியே நின்றது. பரவல் நிற்கவில்லை, சாவு மட்டும் அறுந்தது.

என்னைப் பொறுத்தவரை தீர்ப்பை முடிவு செய்தது இதைவிட வேறொரு விஷயம்: பராமரிப்பு, அதாவது ஊசி தந்த பாதுகாப்பைத் தேயாமல் தக்கவைப்பது. ஊசி போட்டது போட்டதுதான் என்று யாரும் இருந்துவிட முடியாது, அது தரும் பாதுகாப்பு காலத்தோடு கரையும். இரண்டு பாதுகாப்பும் ஒரே வேகத்தில் கரையவில்லை என்பதுதான் முக்கியம். தொற்றே வராமல் தடுப்பதற்கு மூக்கிலும் தொண்டையிலும் ஆன்டிபாடி, அதாவது வைரஸைப் பிடித்து மடக்கும் எதிர்ப்புப் புரதம், ஏராளமாக இருக்க வேண்டும். அது சில மாதங்களில் வடியும், வைரஸ் கொஞ்சம் உருமாறினால் இன்னும் சீக்கிரம். நோய் முற்றி நுரையீரல் வரை போகாமல் தடுப்பதில் தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்கள், பழைய கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் எல்லாம் கைகொடுக்கின்றன, அவை எளிதில் ஏமாறுவதில்லை. 2021 ஜூலையில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுன் என்ற கடற்கரை ஊரில் கோடைக்கூட்டத்தில் டெல்டா பரவியது. முதலில் எண்ணப்பட்ட 469 பேரில் 74 சதவீதம் பேர் முழுத் தவணையும் போட்டவர்கள். ஊசி தோற்றுவிட்டது என்று தலைப்புகள் வந்தன. ஆனால் அந்த 469 பேரில் மருத்துவமனைக்குப் போனவர்கள் 5 பேர், இறந்தவர் யாரும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் ஓமிக்ரான் என்ற அடுத்த உருமாறிய வைரஸ் வந்தபோது, இரண்டு தவணையோடு மாதக்கணக்காக நின்றவர்களுக்குத் தொற்றைத் தடுக்கும் சக்தி கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது, தீவிர நோயைத் தடுக்கும் சக்தியில் கணிசமான பங்கு மிஞ்சியது.

இதை வரிசைக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். பரவலை அறுப்பதை நம்பி இளைஞர்களுக்கு முதலில் போட்டால், அந்த முதலீடு சில மாதங்களில் தேயும். திரும்பத் திரும்ப பூஸ்டர் என்ற கூடுதல் தவணை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் கோடிக்கணக்கானவர்களுக்கு, அதுவும் "எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்று நினைக்கும் வயதில் உள்ளவர்களுக்கு. இரண்டாவது பூஸ்டருக்கு அழைத்தபோது தொலைபேசியை எடுக்காதவர்கள் யார் என்று முகாமில் உட்கார்ந்த எவரும் சொல்வார்கள். முதியவர்களுக்குப் போட்ட ஊசி தேய்ந்தாலும் அதன் பெரும்பங்குப் பயன் நிற்கிறது, புதுப்பிக்க வேண்டிய ஆட்களும் குறைவு. குழாயை மூடலாம் என்பதில் தவறில்லை, இந்த வைரஸுக்கு அந்தக் குழாய் மூடிய நிலையில் நிற்கவில்லை.

மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாங்காங்கை விடக் கொடுமையான பாடம் இல்லை. 2022 தொடக்கத்தில் அங்கே 64 சதவீதம் பேர் இரண்டு தவணை போட்டிருந்தார்கள், பார்க்க நல்ல எண்தான். 60 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பிரித்தால் 49, வயது ஏற ஏற இன்னும் இறக்கம். பக்கவிளைவு பயம், நாள்பட்ட நோய் இருந்தால் வேண்டாம் என்ற எண்ணம், நோயே அதிகம் இல்லாத ஊரில் எதற்கு அவசரம் என்ற அலட்சியம். ஓமிக்ரான் உள்ளே நுழைந்ததும் சில வாரங்களுக்கு உலகிலேயே மிக உயர்ந்த கோவிட் மரண விகிதம் அங்கேதான். அந்த அலையில் இறந்தவர்களில் 96 சதவீதம் 60 வயதைத் தாண்டியவர்கள். அதே வயதில் இரு தவணை போட்டவர்களுக்குச் சாவு ஆபத்து, போடாதவர்களைவிட ஏறத்தாழ 20 மடங்கு குறைவாக இருந்தது. நியூசிலாந்தும் அதே சமயத்தில்தான் ஓமிக்ரானைச் சந்தித்தது. முதியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஊசி போட்டிருந்ததால் அங்கே மரண வரைபடம் அந்த உயரத்தின் பக்கமே போகவில்லை. 2022 ஜூலையில் உலக சுகாதார அமைப்பும் 70 சதவீத இலக்கோடு, முதியவர்கள் உள்ளிட்ட ஆபத்துப் பிரிவினருக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் 100 சதவீதம் என்பதை முன்னால் கொண்டுவந்து வைத்தது.

ஆனால் என் அனுபவம் ஒரே ஒரு நோயோடு முடிகிறது, அதை வைத்து எல்லாப் பெருந்தொற்றுக்கும் தீர்ப்பு எழுதமாட்டேன். தட்டம்மை போல, ஊசி போட்டால் தொற்றே பெரும்பாலும் நின்றுவிடும், பாதுகாப்பும் பல பத்தாண்டுகள் நிற்கும் என்றால் பராமரிப்பு வாதம் அடிபட்டுப் போகும். அங்கே பரவலை அறுக்கும் வழிதான் வெல்லும். யாரைக் கொல்கிறது என்பதும் மாறும். 1918 ஃப்ளூ இருபது முப்பது வயதினரை அள்ளிக்கொண்டு போனது. 2009 பன்றிக் காய்ச்சலில் முதியவர்கள் பலருக்குப் பழைய ஃப்ளூக்களால் ஓரளவு எதிர்ப்பு இருந்தது, அதனால் அமெரிக்காவில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இளைஞர்களும் முதல் வரிசையில் வந்தார்கள். அது சரியான வரிசை. ஊசிதான் தாமதம்: அக்டோபரில் முகாம்கள் தொடங்கியபோது இரண்டாம் அலை உச்சியை நெருங்கியிருந்தது, தாராளமாகக் கிடைத்தபோது அலை இறங்கிவிட்டிருந்தது.