மொரீஷியஸ் எபேன்ல வேலைக்கு வர்றவங்களுக்கு: ரோஸ்ஹில் ஆன்ட்டியோட டப்பா சாப்பாடு, எட்டு மாச அனுபவம்

முதல்லயே சொல்லிடுறேன், இது மதுரை மெஸ் சாப்பாடு கிடையாது, அத நெனச்சு ஆர்டர் போட்டீங்கன்னா ரெண்டே நாள்ல நிறுத்திடுவீங்க. நானும் நிறுத்தப் பாத்தவன்தான்.

மொரீஷியஸ் வந்த புதுசுல தினமும் மதியம் மீன் ஃப்ரீர்தான், பேர கேட்டு மீனுன்னு நெனச்சு வாங்கினா நூடுல்ஸ், ஒரு மாசம் அதையே தின்னு வயிறு கெட்டுப் போச்சு. அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் இந்த ஆன்ட்டி நம்பர் குடுத்தாரு. முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குள்ள வாட்ஸப்ல சொல்லணும், டப்பா 175 ரூபா (இந்த ஊர் ரூபா, நம்ம காசுக்கு முந்நூறுக்கு மேல வரும்), திங்கள் டு வெள்ளி மட்டும்.

முதல் டப்பாவ திறந்தா சோறு, கருப்பு பருப்பு, ஒரு கீரை, தக்காளி ருகாய் (நம்ம தொக்கு மாதிரி), கடுகு போட்ட காய் ஊறுகா, ஓரமா ஒரு குட்டி டப்பால தண்ணியா ஏதோ. என்னதுன்னு கேட்டா "ரசோன்"ங்கிறாங்க. குடிச்சுப் பாத்தா நம்ம ரசம்! பூண்டு தூக்கல், பருப்புத்தண்ணி இல்ல, ஆனா ரசம்தான். அன்னிக்கு கீரை என்னன்னா "ப்ரெட் மூரூம்", அதாவது முருங்கைக்கீரை. கறிவேப்பில "கரிபுலே" ஆயிடுச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க, சொல்லத் தெரியல.

ஆன்ட்டி தமிழ் குடும்பம்தான், கோயில்ல தேவாரம் பாடுவாங்களாம், ஆனா "சாப்டீங்களா"ன்னு கேட்டா புரியாது, வணக்கத்தோட சரி, மீதி எல்லாம் கிரியோல், இந்த ஊர் பேச்சு மொழி. அவங்க என்ன பாத்ததும் கேக்குறது "தோ ஃபின் மான்ஸே?", அதுக்கு அர்த்தமே சாப்டியான்னுதான்னு தெரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. நான் இங்க ஒழுங்கா கத்துக்கிட்ட முதல் கிரியோல் அதான்.

ரெண்டாவது "தாலேர்". டப்பா எங்க ஆன்ட்டின்னா தாலேர், அதாவது கொஞ்ச நேரத்துல. நம்மூர்ல "இந்தா தெருமுனைல வந்துட்டேன்"ங்கிற மாதிரி, சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒண்ணே கால் மணி வரைக்கும் போகும், மீட்டிங் இருந்தா செத்தோம். மூடியும் டைட்டா இருக்காது, ரசோன் பைல கொட்டி என் ஐடி கார்டு இன்னும் மணக்குது. இதுக்குத்தான் ஒரு ஸ்டார் கம்மி.

ஆனா ஆபீஸ்ல எனக்கு யாரும் சொல்லித் தராதத சொன்னது இவங்கதான். நான் காலைல நேரா போய் லேப்டாப்ப திறந்து உக்காந்துருவேன், இங்க அப்படி இல்ல, ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் போன்ஸூர் (பிரெஞ்சுல வணக்கம்) சொல்லணும், சில பேர் கன்னத்துல கன்னம் வைப்பாங்க (முதல் தடவ நான் பின்னாடி நகர்ந்து சேர்ல இடிச்சுக்கிட்டது தனிக்கதை), சொல்லலன்னா திமிர் புடிச்சவன்னு நெனப்பாங்களாம். மெயில் எல்லாம் இங்கிலீஷ், பேச்சு சிரிப்பெல்லாம் கிரியோல், பேப்பர் பிரெஞ்சு. மேனேஜர சார்னு கூப்பிட்டா முகம் சுளிப்பாரு, பேர் சொல்லித்தான் கூப்பிடணும், எனக்கு இன்னும் வாய் வரல.

ஒரு நாள் நூறு ரூபா நோட்ட குடுத்தப்போ திருப்பிக் காட்டினாங்க, அதுல இருக்குற ஆள் ரங்கநாதன் சீனிவாசன், இந்த ஊர் அரசியல்வாதி, தமிழர், நோட்டுல தமிழ் எழுத்தும் இருக்கு. 1998ல தமிழ கீழ தள்ளி ஹிந்திய மேல போட்டு அச்சடிச்சாங்களாம், தமிழ் ஆளுங்க எதிர்த்து கெளம்பிட்டாங்க, அரசு அந்த நோட்டையே வாபஸ் வாங்கிருச்சு. தமிழ் பேசவே தெரியாதவங்க இத சொல்லும்போது குரல் எப்படி ஏறுதுங்கிறீங்க!

தைப்பூச காவடிக்கு முன்னாடி பத்து நாள் விரதம், அப்ப சுத்த சைவ டப்பாதான், அது இன்னும் நல்லாருக்கும். சைக்ளோன் கிளாஸ் 3 (புயல் எச்சரிக்கையோட மூணாவது நிலை) போட்டா ஆபீஸ், பஸ் எல்லாம் மூடிடும், டப்பாவும் வராது, அரிசி வாங்கி வச்சுக்கோங்க.

போன தடவ ஊருக்குப் போனப்ப அம்மா அரைச்ச சாம்பார் பொடி ஒரு கிலோ கொண்டுவந்து ஆன்ட்டிகிட்ட குடுத்தேன். அத போட்டு மீன் ருகாய் வச்சு அனுப்பிட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல.