தெருக்காரர்களே தெருக்காரர்களுக்கு நடத்தும் வெள்ளப் பயிற்சி: போகலாமா?

தென்சென்னையில் மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்கள் சில சேர்ந்து நடத்தும் பேரிடர் பயிற்சி வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். சனி, ஞாயிறு என இரண்டு நாள். கட்டணம் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். இதில் பாடம் எடுப்பவர்கள் தீயணைப்புத் துறையினரோ அதிகாரிகளோ இல்லை. முந்தைய வகுப்பில் நம்மைப் போல நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். ஒரு ஆட்டோக்காரர், டியூஷன் எடுக்கும் ஒரு அம்மா, நர்சிங் படிக்கும் ஒரு பெண், பேங்க்கில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். அவர்களில் இரண்டு பேர் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா என்ற தன்னார்வலர் பயிற்சியை முடித்தவர்கள். மற்றவர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டு நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நான் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவன். மழை வந்தால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், நான் தெருவோரம் நிற்கும் மின் விநியோகப் பெட்டியை, அதாவது பில்லர் பாக்ஸைப் பார்ப்பேன். அந்தப் புத்தியோடுதான் போய் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை காலை முதல் ஒரு மணி நேரம் வீண். சிறப்பு விருந்தினர் வரத் தாமதம், அப்புறம் பொன்னாடை, அப்புறம் பொன்னாடை போட்டவருக்கே திரும்ப ஒரு பொன்னாடை. மைக் வேறு கீச்சென்று கத்தியது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்த நேரத்தில் டியூஷன் அம்மா சாக்பீஸோடு தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்துதான் வகுப்பு ஆரம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துத் தரையிலேயே படம் போட்டார். மேலே கீழ்க்கட்டளை ஏரி, அதற்குக் கீழே நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம், சதுப்பிலிருந்து தண்ணீர் வெளியேற ஒக்கியம் மடுவு, கடைசியில் பக்கிங்காம் கால்வாய். அவ்வளவு தெற்குத் தண்ணீரும் அந்த ஒரு மடுவு வழியாகப் போக வேண்டியிருப்பதால்தான் மழை நின்ற பிறகும் நம் தெருவில் தண்ணீர் வடிவதில்லை என்பதை ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். பிறகு ஆளுக்கொரு பாட்டில் மூடியைக் கொடுத்து, "உங்க வீடு எங்க இருக்கோ அங்க வைங்க" என்றார். 2015 டிசம்பரில் எந்தப் படிவரை வந்தது, 2023 மிக்ஜாம் புயலில் எதுவரை வந்தது என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல மூடிக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போனார். எங்கள் தெருவில் ஒரு முனை மறுமுனையைவிட முழங்கால் அளவு பள்ளம் என்பது இத்தனை வருடம் குடியிருந்தும் எனக்குத் தெரியாது. டெல்லியில் இருந்து எவ்வளவு பெரிய நிபுணர் வந்தாலும் இந்தப் படத்தைப் போட முடியாது. வகுப்பின் பலமே இதுதான்.

இதன் தொடர்ச்சியாக வீட்டுப் பட்டியல். யார் வீட்டில் டயாலிசிஸ் நோயாளி, யாருக்கு ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது, யார் இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார், யார் படுத்த படுக்கை, யாரிடம் ஏணி இருக்கிறது, யாரிடம் கடப்பாரை. எல்லாம் காகிதத்தில். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்று ஒரு பையன் கேட்டான். மிக்ஜாமில் டவர் போய் போனும் செத்துக் கிடந்ததைப் பின் வரிசையில் இருந்த நாலு பேர் ஒரே நேரத்தில் சொல்ல, பையன் அடங்கிவிட்டான். ஒவ்வொரு தெருவுக்கும் பட்டியலின் பிரதி மாடிவீடுகளில் மட்டுமே இருக்கும். கீழ்வீட்டில் வைத்தால் பட்டியலும் சேர்ந்து நனையும். இதில் எனக்கு ஒரு குறை உண்டு. பட்டியலில் சொந்த வீட்டுக்காரர்கள்தான் நிறைய. பி.ஜி. விடுதியில் இருக்கும் பையன்கள், கட்டுமான இடத்தில் தகரக் கொட்டகையில் இருக்கும் வடநாட்டுத் தொழிலாளிகள், மாதாமாதம் மாறும் வாடகைக் குடும்பங்கள் யாரும் இல்லை. கேட்டால், "அவங்க சங்கத்துல மெம்பர் இல்லையே சார்" என்கிறார்கள். தண்ணீருக்கு மெம்பர்ஷிப் கார்டு தெரியுமா என்ன?

கயிறும் கேனும் ஆட்டோக்காரர் பாடம். மனிதர் 2015ல் மீனவர்களின் படகில் கூடவே போய் ஆட்களை இறக்கியவர், அதனால் பேச்சில் பந்தா இல்லை. இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் காலியாக எடுத்து, கைப்பிடிக் கழுத்தில் கயிறு போட்டு, அக்குளுக்கு ஒன்றாக வரும்படி கட்டிக் காட்டினார். கடையில் வரும் கேனின் மூடியை ஒரு தடவை பிய்த்தால் மறுபடி சரியாக மூடாது. அதற்கு பாலித்தீன் தாளை இரண்டாக மடித்து வாயில் போட்டு, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிச் சுற்றினார். பக்கெட்டில் முக்கிப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. நீந்தத் தெரிந்தவன் குதித்து விடாமல் தடுப்பதற்கே அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முதலில் கம்பை நீட்டு, எட்டவில்லை என்றால் கயிறு வீசு, தண்ணீரில் இறங்குவது கடைசி. இதற்கு அவர் சொன்ன உதாரணம் மெக்சிகோ. 1985 நிலநடுக்கத்தில் பயிற்சி இல்லாத பொதுமக்கள் எண்ணூறு பேருக்கு மேல் காப்பாற்றினார்கள், ஆனால் அந்த முயற்சியில் நூறு பேருக்கு மேல் தாங்களே செத்தார்கள். அதைப் பார்த்துத்தான் லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை குடியிருப்பு வாசிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கியதாம். மடிப்பாக்கத்து ஆட்டோக்காரர் வாயில் மெக்சிகோ கதையைக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

சமையல் கேஸ் பற்றி அவர் சொன்னது பலருக்குப் புதிது. வெள்ளத்தில் சிலிண்டர் மிதக்கும். காலி மட்டுமில்லை, நிரம்பியதும் மிதக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டி வைக்க வேண்டும். கசிவு என்றால் 1906.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரப் பாடம் பேங்க்காரருடையது. மெயினை இறக்கிவிட்டால் வீட்டுக்குள் ஆபத்து முடிந்தது என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை, கையைத் தூக்கினேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால்? மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் 'கரண்ட் போச்சு' என்று நினைத்துத் தன் வேலையை ஆரம்பிக்கும். விளக்கு, ஃபேன் லைன் முழுக்க உயிரோடுதான் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் ஸ்விட்ச் போர்டைத் தொட்டால் அடிக்கும். முதலில் இன்வெர்ட்டரை அணை, பிறகு மெயினை இறக்கு, அதுவும் தண்ணீர் வாசலுக்கு வருவதற்கு முன்னால். வந்த பிறகு ஈரக்காலோடு மீட்டர் பெட்டியைத் தொடவே கூடாது.

அவர் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்து, "நீங்களே சொல்லுங்க சார்" என்று என் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ துறைப் பயிற்சிகள் பார்த்திருக்கிறேன், மேடையில் இருப்பவர் இப்படி இறங்கி வந்ததில்லை. சரி என்று மிச்சத்தையும் சொன்னேன். வாடகை ஜெனரேட்டரை, வெளி லைனைத் துண்டித்து மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் சொருகினால் கரண்ட் பின்பக்கமாக டிரான்ஸ்பார்மருக்கு ஏறும். இந்தப் பக்கம் 230 வோல்ட், அந்தப் பக்கம் 11,000. அந்தப் பகுதிக்கு வரும் மெயின் லைனை, அதாவது ஃபீடரை நிறுத்திவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன்தான் பலியாவார். தெருவில் நடக்கும்போது காலில் சுருக்கென்று ஏதோ கடித்தது போல இருந்தால் அது பூச்சி இல்லை, தண்ணீரில் கசியும் கரண்ட். காலை அகட்டாமல், ஒட்டி ஒட்டி வைத்து வந்த வழியே திரும்ப வேண்டும். பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன், 94987 94987. அடுத்த வகுப்பில் இந்தப் பகுதியை நான்தான் எடுக்க வேண்டும் என்று அப்போதே பெயர் எழுதிக்கொண்டார்கள். யாராவது தப்பைத் திருத்தினால் அவர் தலையிலேயே அந்தப் பாடத்தைக் கட்டிவிடுவது இவர்கள் வழக்கமாம். நல்ல வழக்கம்தான், ஆனால் கேள்வி கேட்கப் பயந்து சில பேர் வாயைத் திறக்காமல் இருப்பதையும் பார்த்தேன்.

ஞாயிறு முதலுதவி. நர்சிங் பெண் கெட்டிக்காரி. இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியில் நெஞ்சை அமுக்கும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. முப்பது வரை தொடர்ந்து எண்ணினால் 'இருபத்தி அஞ்சு, இருபத்தி ஆறு' என்று நாக்கு சுற்றி வேகம் இறங்கிவிடுகிறது, அதனால் பத்து வரை மூன்று தடவை எண்ணச் சொன்னார். ஆனால் மண்டபம் நிறைய ஆள், ஒரே ஒரு பொம்மை. மற்றவர்களுக்குத் தலையணைக்குள் இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் பாட்டில் மீண்டு வரும் விதமும் நெஞ்சுக்கூடு மீண்டு வரும் விதமும் வேறு. அந்தப் பொன்னாடைக் காசில் இன்னொரு பொம்மை வாங்கியிருக்கலாம். தீயணைப்பான் பாடத்தில் சொல்ல அதிகமில்லை. வீட்டளவு கருவியில் பவுடர் கால் நிமிடம் வருவதே பெரிது, அதனால் தீயின் அடியைப் பார்த்து அடி என்பதோடு முடிந்தது.

பெரிய குறை, வகுப்புக்குப் பிறகு என்ன என்பது. ஒத்திகை வைக்கிறோம் என்கிறார்கள், ஆனால் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வெயிலில் வைக்கிறார்கள். வெள்ளம் வந்ததெல்லாம் ராத்திரியில், இருட்டில். போன் இல்லாமல், டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு ராத்திரி ஒரு தடவை பட்டியலோடு தெருவைச் சுற்றச் சொல்லிப் பாருங்கள், எத்தனை ஓட்டை இருக்கிறது என்று தெரியும். இதை எழுதியும் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம் என்றார்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். தென்சென்னையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் கட்டாயம் போங்கள். மாடிக்காரர்கள் இன்னும் கட்டாயம், ஏனென்றால் கீழ்வீட்டுக்காரர்கள் உங்கள் வீட்டுக்குத்தான் ஏறி வரப்போகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் வகுப்பில் இடம் பிடிப்பது நல்லது. தரையில் உட்கார வேண்டியிருக்கும், தொளதொளப்பான உடை போட்டுப் போங்கள். உங்கள் மீட்டர் பெட்டியையும் இன்வெர்ட்டர் வயரிங்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை பத்து மணிக்குப் போனால் போதும், அதற்குள் பொன்னாடையெல்லாம் முடிந்திருக்கும்.