கணுக்காலுக்காக முழங்காலை நோண்டலாமுங்களா?

காங்கேயத்துப் பக்கம் கபடி ஆடுகையில் மச்சினனுக்குக் கால் பெரண்டு எட்டு மாசமாச்சு. எண்ணெய் போட்டு நீவிக் கட்டுக் கட்டியதில் வீக்கம் வடிந்தது, வலி போகவில்லை. கோயமுத்தூரில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், கணுக்காலின் தாலஸ் எலும்பு மேல் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கிறது. டாக்டர் இரண்டு வழி சொன்னார்.

ஒன்று மைக்ரோஃபிராக்சர். கெட்டதைச் சுரண்டிவிட்டு எலும்பில் சின்னச் சின்ன ஓட்டை போடுவார்கள். மஜ்ஜை ரத்தம் ஊறி உறைந்து புதுத் திசு வளரும். வளர்வது நார்க் குருத்தெலும்பு, பழைய வழவழப்பு வராது. சுமார் 1 செ.மீ. காயம் வரை நன்றாகக் கைகொடுக்கும், 1.5 செ.மீ. தாண்டினால் சந்தேகம்தான்.

மற்றது மொசைக்பிளாஸ்டி, 1990களில் ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி பரப்பிய முறை. முழங்காலின் ஓரத்திலிருந்து எலும்போடு குருத்தெலும்பை உருளையாக எடுத்துக் கணுக்காலில் பதிப்பது. அசல் சரக்கு. பெரிய காயம், எலும்புக்குள் நீர்க்கட்டி என்றால் இதுதான் தோது. பல சமயம் கணுக்கால் மொளியை அறுத்துத் திறந்து ஸ்குரூ போட்டு மூட வேண்டிவரும்.

"நல்லாருக்கற முழங்கால எதுக்குங்க நோண்டோணும்?" என்று அத்தை கேட்டார். சரியான கேள்வி. முழங்காலில் எடுத்து முழங்காலிலேயே வைத்தவர்களில் 100க்கு 6 பேருக்கு எடுத்த இடத்தில் தொந்தரவு. கணுக்காலுக்கு எடுத்தவர்களில் 17 பேருக்கு என்கிறது 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. ஏற்கெனவே வலித்த முழங்காலில் புது வலி தனியாகத் தெரியாது, நோவே இல்லாத முழங்காலில் உடனே தெரியும். இது என் கணிப்பு.

தொந்தரவு என்றால் படி இறங்கினால் முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி, வீக்கம், தொடைச் சதை இளைப்பு, குத்தவைத்து எழ முடியாமை. 'பாரம் விழாத இடத்தில்தான் எடுக்கிறோம்' என்பார்கள். பாரம் குறைவான இடம் என்பதே சரி. முழங்காலை மடக்கி நீட்டும்போது சில்லு அந்தப் பக்கமும் அழுத்தும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இது உறுத்தாமல் போகலாம். விடியலில் குத்தவைத்துப் பால் கறந்து, வருசா வருசம் சென்னிமலையின் 1320 படியும் ஏறி இறங்குகிறவனுக்கு?

குருத்தெலும்புச் செல்லை வெளியே வளர்த்து வைக்கும் முறையும் உண்டு. இரண்டு ஆபரேஷன், செலவும் ஜாஸ்தி. அதற்கும் விதைச் செல்லைப் பெரும்பாலும் முழங்காலில்தான் கிள்ளுவார்கள். பதிக்கும் உருளையை இடுப்பெலும்பிலிருந்து எடுத்தால் முழங்கால் தப்பும், இடுப்பு நோகும்.

மச்சினனுக்குக் காயம் 9 மி.மீ., நீர்க்கட்டி இல்லை. மைக்ரோஃபிராக்சரே போதும் என்று நான் நின்றேன்: அது தோற்றால் பிறகு மொசைக்பிளாஸ்டிக்குப் போகலாம், தோண்டிய முழங்காலைப் பழையபடி ஆக்க முடியாது. மொசைக்பிளாஸ்டிதான் என்று யாராவது சொன்னால், எத்தனை உருளை, எந்த அளவு, எடுத்த குழியை எதைக் கொண்டு அடைப்பீர்கள் என்று கேளுங்கள்.

ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது என்றார்கள். அதுவரைக்கும் பால் கறப்பது நான்தான்.